லண்டன் தோட்டத்தில் கத்துவது நம்ம ஊர்க் கிளியா?

சுண்டல் | பிப்ரவரி 2, காலை 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது தென்மேற்கு லண்டனில், நியூ மால்டன். தோட்டத்தில் நிலக்கடலை போடும் ஃபீடர் ஒன்றும் கொழுப்பு உருண்டை ஒன்றும் தொங்கவிட்டிருக்கிறேன். ப்ளூ டிட், ராபின் மாதிரி சின்னச் சின்னக் குருவிகள் வரும், பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம் என்றுதான் வாங்கினேன். இப்போது விடிந்ததும் வந்து நிற்பது பச்சைக்கிளிக் கூட்டம். ஏழெட்டு இருக்கும். ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கடலையைக் காலி செய்யும். மற்றதெல்லாம் ஆப்பிள் மரத்தில் உட்கார்ந்து தன் முறைக்காகக் கத்தும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனது போனதுதான்.

இந்த இழையைத் தொடங்கக் காரணம் வேறு. பக்கத்து வீட்டுத் தாத்தா நல்ல மனுஷர். பனி விழுந்தால் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க ஊர்க்காரங்க ரொம்பச் சத்தம் போடுறாங்க, திரும்பக் கூட்டிட்டுப் போயிடேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து பாத்திரம் கழுவும்போது அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவை நிஜமாகவே நம்ம ஊர்க் கிளிகளா? யாரோ ஒரு பாடகர் கூண்டைத் திறந்துவிட்டார் என்று மகன் பள்ளியில் கேட்டுவிட்டு வந்தான், அது உண்மையா? அப்புறம், நான் கடலை போடுவது சரியா தப்பா?

ஈரத்துணி | பிப்ரவரி 2, காலை 9.05

விசா இல்லாமல் வந்து, வேலை தேடாமல், வாடகை கொடுக்காமல் பணக்காரக் கென்சிங்டனில் குடியிருக்கும் ஒரே ஆசாமி கிளிதான். கொடுத்து வைத்த ஜென்மம்.

பனங்காய் | பிப்ரவரி 2, பகல் 1.20

சுண்டல் அக்கா, நான் லூயிஷம் பக்கம். ஏழெட்டுக் கிளிக்கே இப்படிச் சொல்லுறீங்கள். பின்னேரத்தில் ஒருக்கால் ஹிதர் கிரீன் சுடலைப் பக்கம் வந்து பாருங்கோ. கல்லறைகளுக்கு மேலே உள்ள மரங்களில்தான் இரவுக்கு அடையும். வெளிச்சம் மங்கத் தொடங்கினதும் பத்து, இருபது என்று அம்பு மாதிரி வந்து விழும். முதலில் ஒரு மரம், பிறகு மனம் மாறி எல்லாம் ஒன்றாக எழும்பி அடுத்த மரம். அரை மணித்தியாலம் ஒருவருக்கொருவர் கதைக்கேலாது, அவ்வளவு சத்தம். இருட்டினதும் யாரோ சுவிட்சை நிப்பாட்டின மாதிரி அமைதி.

அப்பா இங்கே வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு அழுதவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் தலை பட்டுப்போன தென்னையில் கிளிப் பொந்து இருந்தது. அதை நினைத்துத்தான்.

நான் கேள்விப்பட்ட கதை பாடகர் இல்லை. ஒரு சினிமாப் படப்பிடிப்பில் இருந்து தப்பினதாம்.

பொந்துவாசி | பிப்ரவரி 2, இரவு 10.45

நான் கோயம்புத்தூர்க்காரன், பதினாலு வருடமாகச் சர்ரேயில் வாசம். வார இறுதியில் பைனாகுலரோடு சுற்றும் ஆள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் யாரைக் கேட்டாலும் கிளி வந்த கதை ஒன்று வைத்திருப்பார்கள். 1951-இல் ஆப்பிரிக்கன் குயின் படத்துக்காக ஐல்வொர்த் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தவை தப்பின என்பது ஒன்று. 60களின் கடைசியில் ராக் பாடகர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்பது இன்னொன்று. ஜோடிக்கு ஆதாம், ஏவாள் என்று பெயர்கூடச் சொல்வார்கள். 1987 புயலில் கூண்டுகள் உடைந்தன என்பாரும் உண்டு.

2019-இல் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை உட்கார்ந்து சோதித்தார்கள். தொடர் கொலைகாரன் எங்கே குடியிருப்பான் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் ஒரு முறை வைத்திருக்கிறது. குற்றம் நடந்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்து, அவன் எந்த இடத்திலிருந்து கிளம்பியிருப்பான் என்று கணக்கிடுவது. அதே கணக்கைப் பல பத்தாண்டுகளாகக் கிளி தென்பட்ட இடங்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐல்வொர்த்தும் வரவில்லை, கார்னபி தெருவும் வரவில்லை. ஒரே மூலம் என்று கைகாட்ட எதுவுமே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, பல வருடமாக, பல வீடுகளிலிருந்து வெளியே வந்தவை என்றுதான் முடிவானது.

கதைகளைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் பழைய செய்தித்தாள்களில் தோண்டியெடுத்த விஷயம். 1929, 30-இல் கிளிக்காய்ச்சல் பீதி ஒன்று கிளம்பியது. கிளியிடமிருந்து மனிதனுக்குத் தொற்றி நுரையீரலைத் தாக்கும் நோய். ஆட்கள் செத்த செய்தி வந்ததும் பிரிட்டன் கிளி இறக்குமதிக்கே தடை போட்டது. 50களின் தொடக்கத்தில் மறுபடி அதே பீதி. நேற்றுவரை மடியில் வைத்துக் கொஞ்சிய கிளியை வீட்டில் வைத்திருக்கவும் பயம், கழுத்தைத் திருகவும் மனமில்லை. அப்போது என்ன செய்வார்கள்? ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். ஹெண்ட்ரிக்ஸைவிட இது எனக்கு நம்பும்படி இருக்கிறது.

தனித்தனியாகத் தப்பியவை அதற்கும் முன்னாலேயே இருந்தன. 1855-இலேயே நார்ஃபோக்கில் கூடு வைத்ததாகப் பதிவு உண்டு. நிலைத்து, குஞ்சு பொரித்து, கூட்டமாகப் பெருகத் தொடங்கியது 1969-ஐ ஒட்டி, கென்ட் பக்கத்தில்.

ஈரத்துணி | பிப்ரவரி 2, இரவு 11.02

ஆக, குற்றவாளியைத் தேடிப் போன போலீஸ், ஊரே சேர்ந்து செய்த காரியம் என்று கேஸை மூடிவிட்டது.

சுண்டல் | பிப்ரவரி 3, காலை 7.55

மிக்க நன்றி பொந்துவாசி அண்ணா. மகனிடம் சொன்னேன், ஹெண்ட்ரிக்ஸ் இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறதே. வீட்டிலிருந்து தப்பியது சரி, அந்த வீட்டுக்கு எங்கிருந்து வந்தது? தாத்தாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

பொந்துவாசி | பிப்ரவரி 3, மாலை 6.30

உங்களால் தோட்டத்தில் நின்றே பாதி பதிலைக் கண்டுபிடிக்க முடியும். கிளி ஃபீடரில் தொங்கும்போது அலகைப் பாருங்கள். மேல் அலகு எல்லாவற்றுக்கும் சிவப்புதான். கீழ் அலகு என்ன நிறம்?

செந்தார்ப் பைங்கிளி என்று புத்தகத்தில் எழுதும் நம் பச்சைக்கிளியில் நான்கு உள்ளினங்கள். இரண்டு ஆப்பிரிக்காவில், இரண்டு நம் பக்கம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது மனிலென்சிஸ். அதற்குக் கீழ் அலகு கறுப்பு. வட இந்தியா, பாகிஸ்தான் பக்கம் இருப்பது போரியாலிஸ். கொஞ்சம் பெரிய உடம்பு, கீழ் அலகும் சிவப்பு. ஐரோப்பிய நகரங்களில் வாழும் கிளிகளின் மரபணுவைப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. பெரும்பாலானவற்றின் பூர்வீகம் பாகிஸ்தானும் வட இந்தியாவும் என்றது. இமயமலை அடிவாரக் குளிரைப் பார்த்த பரம்பரைக்கு லண்டன் ஜனவரி பெரிய விஷயமில்லை. கூட நீங்கள் வேறு கடலை போடுகிறீர்கள்.

சிலருக்கு மனம் கஷ்டப்படும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 'நம்ம ஊர்க் கிளி லண்டனில்' என்று நாம் புகைப்படம் போட்டு நெகிழ்வது எனக்கு ஒட்டுவதில்லை. இவை வலசை வந்தவையும் இல்லை, நம்மைப் போல டிக்கெட் எடுத்து வந்தவையும் இல்லை. பொந்திலிருந்து குஞ்சாகப் பிடுங்கி, பெட்டியில் அடைத்து, பாதி வழியில் செத்தது போக மிஞ்சியதன் வாரிசுகள். காட்டுப் பறவை இறக்குமதியை ஐரோப்பா அடியோடு நிறுத்தியது 2005-இல், பறவைக்காய்ச்சல் பயத்தில். 2007-இல் அது நிரந்தரத் தடையானது. அதுவரை ஓடிய வியாபாரம் இது.

பீட்டர்ஸ்ரோடு | பிப்ரவரி 4, காலை 6.50

சென்னையிலிருந்து. கிளிக்குச் சோறு போடலாமா கூடாதா என்று லண்டனில் யோசிக்கிறார்கள். எங்கள் ராயப்பேட்டையில் அந்தக் கேள்வியே எழவில்லை. பாரதி சாலையில் கேமரா ரிப்பேர் செய்துகொண்டிருந்த சேகர் சாரைத் தெரியாதவர் யார்? 2004 சுனாமிக்கு அப்புறம் மாடிக்கு வந்த நாலைந்து கிளிக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். நூறாகி, ஆயிரமாகி, பல ஆயிரமானது. விடிவதற்குள் எழுந்து ஊறவைத்த அரிசியைப் பலகை பலகையாக வரிசை போட்டு வைப்பார்.

ஒருமுறை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வந்து உட்காரும்போது ஒரு பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. கீழே பஸ் ஹாரன் அடிக்கிறது, ஒன்றும் அசையவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் செல்போனைத் தூக்கினாரோ இல்லையோ, மொத்தப் பாயும் சுருட்டிக்கொண்டு வானத்துக்குப் போய்விட்டது. அவர் திட்டவில்லை. "இனி பத்து நிமிஷம் ஆகும்" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிஷம்தான் ஆனது.

மரத்தையெல்லாம் வெட்டி அபார்ட்மென்ட் கட்டிய ஊரில் இதுகூடச் செய்யக் கூடாதா?

வரப்பு | பிப்ரவரி 4, மதியம் 2.15

உடுமலைப்பேட்டை பக்கம் மக்காச்சோளம் போடுகிறவன் நான். பீட்டர்ஸ்ரோடு சார், உங்கள் மாடியில் பச்சைப் பாய். என் வயலில் அதற்குப் பேர் வேற.

கிளி ஒரு கதிரை உட்கார்ந்து முழுசாகத் தின்றுவிட்டுப் போனால் கோபமே வராது. நுனித் தோகையை அலகால் கிழிக்கும். நாலு வரிசை கொறிக்கும். என்ன தோன்றுமோ, அடுத்த கதிருக்குத் தாவிவிடும். திறந்த கதிரில் மழைத்தண்ணி இறங்கிப் பூசணம் பிடிக்கும். அது தின்றது கால்வாசி, வீணாக்கியது முக்கால்வாசி. பளபளா ரிப்பன் கட்டினேன், ஒரு வாரம் பயந்தது. பழைய சிடியைக் கட்டித் தொங்கவிட்டேன், எட்டாம் நாள் அந்தக் கயிற்றிலேயே உட்கார்ந்து ஊஞ்சல் ஆடியது. கடைசியில் தகர டின்னைத் தட்டிக்கொண்டு நானே நிற்கிறேன்.

மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் கிளியைப் பார்த்துக் கும்பிடுகிறோம், சரி. வள்ளி பரண் மேலே நின்று ஆலோலம் பாடி விரட்டியதும் இதே கிளியைத்தானே? சங்கப் பாட்டிலேயே தட்டை, குளிர் என்று கிளி விரட்டும் கருவிக்குப் பேர் வைத்திருக்கிறான். கோயில்காரன் ஒன்று சொல்வான், கொல்லைக்காரன் ஒன்று சொல்வான். இரண்டும் தமிழ்தான்.

பீட்டர்ஸ்ரோடு | பிப்ரவரி 4, இரவு 8.10

அய்யா, உங்கள் கஷ்டம் புரிகிறது. நானும் என் மாடியில் கொடுக்கும் ஒரு கிலோ அரிசியாலா உங்கள் சோளம் போனது? எனக்குக் கோபம் விவசாயி மேலே இல்லை. கூண்டில் அடைக்கிறவன் மேலே.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் கிளி இருந்தது. இறக்கையை வெட்டிவிட்டு, பால்கனியில் தேங்காய்க் கூடை அளவுக்கு ஒரு கம்பிக் கூண்டில். அதே பால்கனிக்கு மேலேதான் சாயந்திரம் காட்டுக்கிளிக் கூட்டம் போகும். ஒவ்வொரு நாளும் அது கம்பியைப் பிடித்து ஏறிக் கத்தும். மேலே போவது பதில் கொடுத்துக்கொண்டே போய்விடும். 1972 வனவிலங்குச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது, மூன்று வருடம் வரை சிறை என்று போய்ச் சொன்னேன். "இது வாஸ்துக்காக வாங்கினது சார்" என்றார்.

பறக்கவிடுங்கள் என்றும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது, அதுவும் அப்புறம்தான் தெரிந்தது. இறக்கை வளராமல் திறந்துவிட்டால் காக்காய் கொத்தியே கொன்றுவிடும். வனத்துறைக்குத் தகவல் கொடுத்தேன், வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

பனங்காய் | பிப்ரவரி 5, காலை 11.30

அந்த மேலே போற கூட்டம் பதில் கொடுத்துக்கொண்டே போற இடம். இரவு முழுக்க அதுதான் மண்டைக்குள் நின்றது.

பொந்துவாசி அண்ணை, இங்கே கிளியால மற்றப் பறவை அழியுது என்று ஒரு கதை ஓடுதே, அதில் எவ்வளவு உண்மை?

பொந்துவாசி | பிப்ரவரி 5, இரவு 9.20

கொஞ்சம் உண்மை, கொஞ்சம் மிகைப்படுத்தல், கொஞ்சம் ஊரைப் பொறுத்தது.

கிளி தானாகப் பொந்து குடைவதில்லை. மரங்கொத்தி விட்டுப்போனதை, இல்லாவிட்டால் கிளை ஒடிந்து உளுத்த ஓட்டையைப் பிடித்துக் கொத்திப் பெரிதாக்கும். இங்கே அது பிப்ரவரி, மார்ச்சிலேயே இடம் பிடித்துவிடுகிறது. மற்றவர்கள் வசந்தம் வந்து வீடு தேடும்போது நல்ல வீடெல்லாம் போயிருக்கும். பெல்ஜியத்தில் நட்ஹாட்ச் என்னும் சின்னப் பறவைக்கு இதனால் இடம் குறைகிறது என்று ஆய்வு சொன்னது. பிரிட்டனில் தேடியபோது அப்படிச் சொல்லும்படியான சரிவு எதுவும் தெரியவில்லை. ஸ்பெயினில் செவில் நகரத்துப் பூங்கா ஒன்றில் கதை மோசம். அங்கே பெரிய நாக்டியூல் வௌவால்கள் காலங்காலமாக வாழ்ந்த பொந்துகளைக் கிளிகள் பிடித்துக்கொண்டன. வௌவால்களைக் குத்திக் கொன்றதையும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த மரப்பொந்துகளில் வௌவால் வெகுவாகக் குறைந்துபோனது. கிளிக்காகப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பிரஸ்ஸல்ஸில் மட்டும் குற்றவாளி யார் என்று ஊருக்கே தெரியும். 1974-இல் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றிலிருந்து சுமார் நாற்பது கிளிகளைத் திறந்துவிட்டார்கள். நகரம் கொஞ்சம் வண்ணமாக இருக்கட்டுமே என்று! இன்று ஆயிரக்கணக்கில் பறக்கின்றன.

இன்னொன்று, கிளி எல்லாம் ஒரே கிளி இல்லை. தென் அமெரிக்க மாங்க் கிளி பொந்து தேடாது, குச்சி அடுக்கி மூட்டை மாதிரி கூடு கட்டும். ஒரே மூட்டையில் பல குடும்பம். மின்கம்பத்திலும் கட்டுவதால் அமெரிக்காவில் கரண்ட் போகும். லண்டனில் ஐல் ஆஃப் டாக்ஸ் பக்கம் அது பரவத் தொடங்கியதும் 2011-இலிருந்து அரசே பிடித்து அகற்ற ஆரம்பித்தது. பச்சைக்கிளியோ கைமீறிப் போய்விட்டது. பிரிட்டன் முழுக்க 12,000 ஜோடி அளவில் கூடு வைப்பதாகக் கணக்கு. இப்போது லண்டனின் பெரிக்ரின் வல்லூறுகள் அதைப் பிடித்துத் தின்னப் பழகிவிட்டன.

சுண்டலுக்கு. லண்டன் தோட்டங்களிலேயே செய்த சோதனை ஒன்று 2014-இல் வந்தது. ஃபீடர் பக்கத்தில் கூண்டுக்கிளி ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். டிட் குருவிகள் வருவது குறைந்தது. வந்தவையும் தின்றதைவிட நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்ததே அதிகம். கிளி ஏற்கெனவே உள்ள பகுதிக் குருவிகளுக்குப் பயம் கொஞ்சம் குறைவு. ஆக உங்கள் கடலை யாருக்குப் போகிறது என்பது உங்கள் கையில்தான். வெளியே கம்பி வலை சுற்றிய ஃபீடர் கடையில் கிடைக்கும். குருவி நுழையும், கிளி நுழையாது. கென்சிங்டன் கார்டன்ஸில் ஆப்பிள் துண்டு நீட்டிக் கையில் கிளியை உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பூங்கா நிர்வாகமே வேண்டாம் என்கிறது.

பீட்டர்ஸ்ரோடு | பிப்ரவரி 6, காலை 7.00

அங்கே நீங்கள் சொல்வது நியாயம். சென்னையில் கிளி வந்தேறி இல்லை, நாம்தான். நான் அரிசியை நிறுத்தப் போவதில்லை.

வரப்பு | பிப்ரவரி 6, காலை 7.40

நிறுத்த வேண்டாம் சார். காலையில் மூக்குப்பிடிக்கப் போட்டு அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.

ஈரத்துணி | பிப்ரவரி 6, காலை 7.44

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

சுண்டல் | பிப்ரவரி 22, மாலை 5.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். வலை போட்ட ஃபீடர் வாங்கி மாட்டினேன். முதல் இரண்டு நாள் கிளிகள் வலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துத் திட்டின. அலகு எட்டவில்லை. மூன்றாம் நாள் கீழே சிந்தியதைப் பொறுக்கின. இப்போது மூன்று நான்குதான் வருகின்றன. ப்ளூ டிட் திரும்பிவிட்டது.

மகன் ஒரு நோட்டு போட்டிருக்கிறான். எதையும் இடது காலில்தான் பிடித்துத் தின்கிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. கழுத்து ஆரம் உள்ளது இரண்டு, மற்றதற்கு இல்லை. ஆரம் இல்லாதது பெண்ணோ, மூன்று வயது ஆகாத ஆண் குஞ்சோ என்று படித்துவிட்டு அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறான். அலகையும் ஜூம் செய்து படம் எடுத்தோம். நாலு கிளிக்கும் கீழ் அலகு சிவப்பு.

இன்று காலை தாத்தா வேலியில் தட்டிக் கூப்பிட்டார். அவர் தோட்டத்து ஆஷ் மரத்தில், போன வருடம் மரங்கொத்தி இருந்த ஓட்டைக்குள் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒன்று வேலை செய்கிறது. மரத்தூள் கீழே உதிர்கிறது. ஆரம் போட்டவர் மேல் கிளையில் உட்கார்ந்து மேற்பார்வை. "பார், உங்க ஊர்க்காரங்க குடிவந்துட்டாங்க" என்றார்.

மகன் முந்திக்கொண்டான். "இது எங்க ஊர் இல்ல. இது வடநாட்டுக் கிளி. எங்க ஊர்ல இருக்கிறதுக்குக் கீழ் அலகு கறுப்பா இருக்கும்."

தாத்தா உள்ளே போய்த் தன் பைனாகுலரை எடுத்துக்கொண்டு வந்தார். அரை மணி நேரமாக இரண்டு பேரும் அங்கேதான் நிற்கிறார்கள். டீ ஆறிவிட்டது.

பனங்காய் | பிப்ரவரி 22, மாலை 6.02

அக்கா, நாளைக்கு நான் ஹிதர் கிரீனுக்குப் போறன். ஒன்றிலாவது கறுப்பு அலகு இருக்குதா என்று பார்த்துச் சொல்லுறன். அப்பாவும் வாறார்.